தாய்மை போற்றி, தாயே தள்ளிப்போ

நம் ஊரில் தாய்க்கு இருக்கும் மரியாதையைப் பார்த்தால் யாருக்கும் கண் கலங்கும். ஆட்டோவின் முதுகில் ‘அன்னையின் ஆசி’. மளிகைக் கடைப் பலகையில் அன்னை. மீட்டர் வட்டிக்காரர் நடத்தும் பைனான்ஸுக்கும் அன்னை பெயர்தான். இத்தனை மரியாதைக்கும் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தாய் படமாக இருக்க வேண்டும், பாட்டாக இருக்க வேண்டும், முடிந்தால் கோயிலாகவே இருந்துவிட வேண்டும். பால் கட்டிய மார்போடு காலை ஒன்பதரை மணி மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் உயிருள்ள பெண்ணாக மட்டும் இருந்து தொலைக்கக் கூடாது.

பெறச் சொல்வதற்கு ஆள் பஞ்சமே இல்லை. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து எதிர்வீட்டு மாமி “ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரையாவது பால்கனிக் கதவைச் சாத்திச் சமாளிக்கலாம். இப்போது தொகுதி மறுவரையறையே வந்து கேட்கிறது. 2024 அக்டோபரில், அறநிலையத்துறை சென்னையில் நடத்திய திருமண விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் நிலை வந்தால் நாமும் ஏன் பதினாறு பிள்ளை பெறக்கூடாது என்று யோசிக்கும் காலம் வந்துவிட்டதாகப் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் இன்னொரு கல்யாண மேடை. முன்பெல்லாம் நிதானமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று வாழ்த்தியவர், இனி உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடுவும் இதே பல்லவிதான். காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.4. குடும்பக் கட்டுப்பாட்டைக் கேட்டு நடந்த மாநிலம் எம்.பி. எண்ணிக்கையை இழப்பது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைச் சரிசெய்யும் பொறுப்பு எந்தக் கமிட்டியிடமும் போகாமல் நேராக என் கர்ப்பப்பைக்கு வந்து சேர்ந்ததுதான் எப்படி என்று புரியவில்லை.

மேடையில் இந்த வாழ்த்து முழங்கிய அதே காலத்தில் நீதிமன்றத்தில் வேறொரு கச்சேரி நடந்துகொண்டிருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். முதல் திருமணத்தில், வேலையில் சேரும் முன்பே, இரண்டு குழந்தைகள். விவாகரத்துக்குப் பின் அந்தக் குழந்தைகள் தந்தையிடம். மறுமணம் செய்துகொண்டு மீண்டும் கருவுற்றவர், 2021இல் மகப்பேறு விடுப்புக் கேட்டார். ‘உயிரோடு இரண்டு குழந்தைகள் இருக்கின்றன, விதியில் இடமில்லை’ என்று கோப்பு திரும்பி வந்தது. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடு என்றார். அரசு சும்மா இருந்ததா? மேல்முறையீட்டுக்குப் போனது, வென்றும் காட்டியது. கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான், மகப்பேறு விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று சொல்லி அவருக்கு நியாயம் வழங்கியது. தீர்ப்பு வந்தபோது அந்தக் குழந்தைக்கு எல்.கே.ஜி. சேரும் வயது. மேடையில் பதினாறு, கோப்பில் இரண்டு. மிச்சம் பதினான்கை எந்த விடுப்பில் பெறுவது என்று யாராவது அரசாணை போட்டால் நல்லது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. நல்ல காரியம், வயிற்றெரிச்சலோடுதான் பாராட்டுகிறேன். என்னைப் போல் தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவளுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான் இருந்தது; 2025 நவம்பரில் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போனது, வாரக் கணக்கு மாறவில்லை. 12 வாரமாக இருந்ததை 2017இல் 26 வாரமாக்கினார்கள். மூன்றாவது பிள்ளை என்றால் பழையபடி 12தான். பதினாறு கேட்பவர்கள் கவனிக்க. அந்த 26இலும் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் படுக்கச் சொன்னால் எடுத்துத்தானே ஆக வேண்டும்? பிறகு கையில் நிற்பது 18 வாரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் அதைப் படமாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். படத்தில் இருக்கும் அம்மா வேலைக்குப் போகிறவள் அல்ல போலிருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த 26 வாரச் சம்பளத்தில் அரசாங்கத்தின் காசு ஒரு ரூபாய் கிடையாது, முழுவதும் முதலாளி தலையில். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கைதட்டல் நாடாளுமன்றத்துக்கு, பில் கம்பெனிக்கு. கம்பெனி லேசுப்பட்டதா? நேர்காணலில் அது பில்லை என் பக்கம் தள்ளிவிடும். “கல்யாணம் ஆயிடுச்சாம்மா? அடுத்த ரெண்டு வருஷத்துக்கு எதுவும் பிளான் இல்லையே?” பக்கத்து நாற்காலியில் காத்திருந்த பையனிடம் இதைக் கேட்டார்களா என்று விசாரிக்க வேண்டியதில்லை. அவனுக்கு எந்தத் தேதியில் பிள்ளை பிறந்தாலும் ஆடிட் நிற்காது.

காப்பகம் விஷயத்துக்கு வருகிறேன். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். 2017 ஜூலையிலிருந்து இது சட்டம். விடுப்பு முடிந்து போன அன்று எச்.ஆரிடம் கேட்டேன். “நம்ம ரோல்ல 50 பேர் இல்லையே மேடம்” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மதியம் கேன்டீனில் உட்கார இடம் கிடைக்காது, தட்டுக்கு வரிசை நிற்போம். ஆனால் அந்த வரிசையில் செக்யூரிட்டி ஒரு ஏஜென்சி, ஹவுஸ்கீப்பிங் இன்னொரு ஏஜென்சி, டேட்டா என்ட்ரி பெண்கள் மூன்றாவது ஏஜென்சி. சாப்பிடும்போது ஒரே குடும்பம், சட்டம் வரும்போது பாகப்பிரிவினை.

பால் எடுக்க எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் யூ.பி.எஸ். அறை. பேட்டரிகளின் உறுமல், ஆசிட் நெடி, மூலையில் போன வருஷத்துப் பொங்கல் விழாவின் தெர்மாகோல் கரும்பு. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, நாற்காலியைக் கதவில் சாய்த்துவிட்டு முதுகால் அழுத்திக்கொள்ள வேண்டும். ஒரு கையில் பம்ப், ஒரு காதில் அலுவலக கால். “பேலன்ஸ் டேலி ஆச்சா?” என்று அந்தப் பக்கம் கேட்க, “ஆயிட்டிருக்கு சார்” என்று இந்தப் பக்கம் நான் பிழிந்துகொண்டிருக்க, வெளியே தட்டும் சத்தம்.

“மேடம், பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும்.”

“அஞ்சு நிமிஷம் அண்ணா.”

“உள்ள என்ன மேடம் பண்றீங்க?”

அவரும் ஏஜென்சிதான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் அன்று மாலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் விழுந்த அறிவிப்பின் மேல். பான்ட்ரி பிரிட்ஜில் ‘சுகாதாரமற்ற தனிப்பட்ட பொருட்களை’ வைக்க வேண்டாமாம். என் பால் பாட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ மறந்துபோன முட்டைக் குழம்பு பூசணம் பூத்து உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. பசும்பால் பாக்கெட் அதே தட்டில்தான் இருந்தது. மாட்டிலிருந்து வந்தால் சுத்தம்.

அரசாங்கம் இந்தச் சங்கடத்தை யோசிக்காமல் இல்லை. 2015 ஆகஸ்ட் தொடக்கத்தில், தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, ஜெயலலிதா ஆட்சியில் மாநிலம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் 350 பாலூட்டும் அறைகளுக்கு மேல் திறந்தார்கள். எந்தக் கட்சிக்காரரும் குறை சொல்ல முடியாத திட்டம். அதை எப்படிக் கொன்றோம் என்று பார்க்க வேண்டுமானால் ஒரு கைக்குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும். மாவட்டத் தலைநகரம் ஒன்று, பெயர் வேண்டாம். வெயில், குழந்தை வீறிட்டு அழுகிறது, ‘தாய்மார்கள் பாலூட்டும் அறை’ என்று பெரிய எழுத்தில் பலகை, கதவில் பூட்டு. டைம் கீப்பரிடம் போனேன்.

“சாவி எங்கிட்ட இல்லம்மா. ராஜம்மாகிட்ட இருக்கு.”

“ராஜம்மா எங்க?”

“சாப்பிடப் போயிருக்காங்க. நீங்க அந்தக் கட்டண கழிப்பறையில கேட்டுப் பாருங்க.”

எனக்கு இரண்டு நிமிடம் யோசனை ஓடவில்லை. கழிப்பறையில் சாவியைக் கேட்கச் சொல்கிறாரா, பாலைக் கொடுக்கச் சொல்கிறாரா? ராஜம்மா ஒருவழியாக வந்து திறந்தார். உள்ளே துடைப்பங்கள், இரண்டு பினாயில் கேன், முடிந்துபோன மாநாட்டின் பேனர் சுருட்டி வைத்தபடி, ஒரு கால் ஒடிந்த நாற்காலி. நான் உட்கார்ந்ததும் ராஜம்மா தன் முந்தானையால் எனக்கு விசிறிவிட்டார். அந்தத் திட்டத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே உறுப்பு அந்த முந்தானைதான்.

இதற்கு நடுவில்தான் பெரிய மனிதர்கள் வந்து நமக்கு உழைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2023இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் கேட்டார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியனின் பேச்சு வெளியானது, அது 90. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து என்ன செய்வீர்கள், மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பது அவருடைய சந்தேகம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தச் சந்தேகமே வந்திருக்காது ஐயா. மனைவியின் முகத்தைப் பார்ப்பதற்கு அவள் ஒரு இடத்தில் நின்றால்தானே?

கணக்குப்பிள்ளை என்பதால் கணக்கே போட்டுவிடுகிறேன். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, மத்திய அரசின் சரக்கு. சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு அதில் போவது நாளுக்கு 289 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் பெண்களுக்கு அதில் இன்னும் 137. இரண்டும் ஒருத்தி தலையில் விழுந்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 49ஐத் தாண்டும். அலுவலகத்தின் 48ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். சேர்மன் கனவு காணும் 90ஐ இந்த நாட்டுப் பெண்கள் தாண்டி வெகுகாலம் ஆயிற்று. யாரும் எங்களைச் சேர்மன் ஆக்கவில்லை.

ஆண்கள் பக்கம் இன்னும் ருசியானது. 2019 கணக்கெடுப்பில் வீட்டுவேலை செய்த ஆண்கள் அதற்குக் கொடுத்தது 97 நிமிடம். 2024இல் 88. ஐந்து வருஷத்தில் எத்தனை சமையல் ரீல்ஸ், எத்தனை ‘நவீன அப்பா’ விளம்பரம்! எல்லாம் சேர்ந்து ஒன்பது நிமிடத்தைத் தின்றுவிட்டன. பெண்களுக்கும் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, அதற்கு மாவு அரைத்து விற்கும் கடைக்காரருக்கு நன்றி.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். பிள்ளை பிறந்ததற்கு லீவு கேட்டபோது அவருடைய மேனேஜர், “உங்களுக்கு என்ன சார், ஆபரேஷனா?” என்று கேட்டு மூன்று நாள் கொடுத்தார். மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் உண்டு. தனியாரில் தந்தைக்கென்று சட்டமே இல்லை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2023இல், ஒரு போலீஸ்காரர் மனைவியின் பிரசவத்துக்கு லீவு கேட்டு அலைந்த வழக்கில், இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று சொல்லியும் பார்த்தது. ஆக, அப்பாக்களைத் துரத்துவதில் அலுவலகத்துக்கும் பங்குண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எந்த மேனேஜர் வந்து தடுக்கிறார்? குழந்தை அழும். இவர் புரண்டு படுப்பார். அடுத்த அறையிலிருந்து மாமியார் குரல் வரும்: “அவனை எழுப்பாதேம்மா, பாவம், காலையில ஆபீஸ் போகணும்.” எனக்குக் காலையில் காசி யாத்திரை என்று நினைத்திருப்பார்.

இதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை குழந்தையை நெஞ்சில் பையில் கட்டிக்கொண்டு குடியிருப்புப் பூங்காவில் அரை மணி நடந்தால் போதும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும், “என்ன தங்கமான புருஷன்! கொடுத்து வச்சவ!” அந்த அரை மணியில் நான் மேலே ஒரு வாரத் துணியை மடித்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கைதட்ட அங்கே கொடிக்கம்பிதான் இருக்கிறது.

இந்த நாட்டின் உண்மையான குழந்தைகள் காப்பகம் பாட்டிதான். அனுமதி வேண்டாம், ஆய்வு வேண்டாம், சம்பளம் வேண்டாம், மூட்டுவலித் தைலம் மட்டும் வாங்கித் தந்தால் போதும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆறு மாதக் குழந்தைக்குச் சத்துமாவு தருவார்கள், நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். விடுப்பு முடிவது மிஞ்சிப்போனால் ஆறு மாதத்தில், பிளேஸ்கூல் எடுப்பது இரண்டரை வயதில். நடுவில் இருக்கும் இரண்டு வருஷம் குழந்தை எங்கே இருக்கும் என்று எந்தச் சட்டத்துக்கும் தெரியாது. ஊரிலிருந்து அம்மா மூட்டை கட்டிக்கொண்டு வருவார், அவ்வளவுதான் தெரியும்.

என் அம்மாவுக்கு முடியாமல் போனபோது ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தோம். வயது என்னைவிடக் குறைவு. அவள் பிள்ளைக்கு இரண்டு வயது, கள்ளக்குறிச்சிப் பக்கம் அவளுடைய அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து என் பிள்ளைக்குத் தூளி ஆட்டுகிறாள். 26 வாரச் சட்டம் அவளுக்குக் கிடையாது. வீட்டுவேலை செய்கிறவர்களை அந்தச் சட்டம் ஆளாகவே எண்ணவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் வரும் மகப்பேறு உதவி 18,000 ரூபாயிலும் அவளுக்குக் கடைசித் தவணை இன்னும் வரவில்லையாம். ராத்திரி வீடியோ காலில் அவள் பிள்ளை போனைத் தொட்டு “ஆத்தா” என்று தன் பாட்டியைத்தான் கூப்பிடுகிறது. கம்பெனிக்காக நான் இவளை வைத்தேன், எனக்காக இவள் தன் அம்மாவை வைத்தாள். அந்தக் கிழவிக்கு யாரை வைப்பது? வரிசை அங்கே முடிகிறது, கூலி அதற்கு ரொம்ப முன்னாலேயே முடிந்துவிட்டது.

நேற்று எச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. மகளிர் தினத்தை முன்னிட்டு ‘தாய்மையும் பணியும்: வெற்றியின் ரகசியம்’ என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் நான் பேச வேண்டுமாம். அனைவருக்கும் ரோஜா உண்டு, கேக் உண்டு, இளஞ்சிவப்பில் உடை கட்டாயம். பலூன்களுக்கு இடம் வேண்டியிருப்பதால் அன்று யூ.பி.எஸ். அறை பயன்பாட்டில் இருக்காது. நிகழ்ச்சி மாலை ஆறரை மணிக்கு. குழந்தைகளை அழைத்துவர அனுமதியில்லை.