நீச்சல் தெரியாதவருக்கும் ஒரு ஆறு

கேள்வி: நீச்சல் தெரியாது. ஆனாலும் ராஃப்டிங் போக ஆசை. யாழ்ப்பாணத்தில் வழியுண்டா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: எங்கட வழுக்கையாறு மாரியில்தான் ஓடும். கோடையில் போனால் படகை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேணும்! கித்துல்கலவுக்குப் போங்கோ. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கலந்து பிறந்த களனி கங்கை, பாறைகளுக்கிடையே நுரைத்து இறங்கும் இடம். 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்துக்குப் பாலம் கட்டித் தகர்த்ததும் அங்கேதான். நீச்சல் தெரியாதென்பதை வழிகாட்டியிடம் முதலே சொல்லிவிடுங்கோ. மிதவை அங்கியைத் தோளில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கோ. நாடிவரை ஏறினால் வாரை இன்னும் இறுக்க வேணும். தவறி விழுந்தால் மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதவுங்கோ. ஓடும் தண்ணீரில் எழும்பி நிற்கவே கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டிவிடும். கனமழையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கோ. ஆறு எங்கேயும் ஓடிவிடாது.