மிக்ஸாரியனின் சாகாவரம்: ஓர் ஆய்வு

நான்கே நான்கு உயிர்ப்புள்ளிகள் கொண்ட எண்ணெய் வியாபாரி ஒருவன், சிவப்பு டிராகன் கக்கிய நெருப்பில் கடைத்தெருவே எரிந்தபோது எப்படிப் பிழைத்தான்? இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல் இதுவே. அறிஞர் எவரும் இதுவரை இதில் கைவைக்கவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

முதலில் ஆய்வு எல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974இல் வெளிவந்தது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்வார்கள். ஆளுக்கொரு பாத்திரம், வீரன், திருடன், மந்திரவாதி என்று எதுவாகவும் இருக்கலாம். மீதி அத்தனையும், அதாவது அரசன், காவலாளி, பூதம், மழை, துருப்பிடித்த பூட்டு எல்லாமே ஒரே ஒருவர் பொறுப்பு. அவர்தான் கேம் மாஸ்டர். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர் என்ற வரிசையில் இவரையும் சேர்க்கலாமா என்பது தனி ஆய்வுக்குரியது. மற்ற மூவருக்கும் கூலி உண்டு என்பதை மட்டும் இங்கே குறித்து வைப்போம்.

எங்கள் மாஸ்டர் உழைப்பாளி. புதிய நகரம் ஒன்றுக்காக அதன் கோமகனைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். குலமரபு, முத்திரை மோதிரம், பாட்டியின் சாபம், எல்லாம் அதில் இருந்தன. நாங்கள் கோமகன் மாளிகைப் பக்கமே போகவில்லை. விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று கடைத்தெருவுக்குப் போனோம். “அந்தக் கடைக்காரன் பேரு என்ன?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். மாஸ்டரின் கண் தாள்களில் ஓடியது. அங்கே இல்லை. மேஜையில் ஓடியது. அங்கே பிரித்து வைத்த மிக்சர் பொட்டலம் இருந்தது.

“மிக்…” என்றார். இரண்டு நொடி மௌனம். “மிக்ஸாரியன்.”

அன்றைக்கு அவருக்குக் கடும் ஜலதோஷம். மூக்கடைத்த குரலிலேயே தொடர்ந்தார்: “எண்ணெய் குப்பி மூணு வெள்ளி. வேணும்னா எடுங்க. இல்லேன்னா இருட்டுல போங்க.”

மேஜை சிரித்தது. ஜலதோஷம் நான்கு நாளில் போய்விட்டது. மிக்ஸாரியனுக்கு மட்டும் இன்றுவரை மூக்கடைப்பு தீரவில்லை. அடுத்த நகரத்திலும் அவனுக்கு ஒரு கிளை இருந்தது. பாதாளக் குகையின் மூன்றாம் தளத்தில், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், அவன் தள்ளுவண்டியோடு நின்றான். கேட்டால் “இங்கதான் இருட்டு ஜாஸ்தி” என்றான். வணிக நோக்கில் இதை மறுக்க முடியாது.

இதிலிருந்து கிடைக்கும் முதல் துணிபு: மாஸ்டர் பார்த்துப் பார்த்துப் பெற்ற பிள்ளை செல்லப்பிள்ளை ஆவதில்லை, அவசரத்தில் வாயில் வந்தவனே ஆகிறான். சான்று உண்டா எனின், உண்டு. ராப் குன்ட்ஸ் நடத்திய பழைய ஆட்டமொன்றில் ஒரு சில்லறை மந்திரவாதி எதிரியாக வந்தான். கைகாக்ஸ் ஆடிய மார்டென்கைனனிடம் அகப்பட்டுச் சேவகனானான். அவன்தான் பிக்பி. பகைவரைப் பிடித்து நசுக்கும் மாயக் கை இன்றும் விதிநூலில் அவன் பெயரால் வழங்குகிறது. 2023இல் வந்த அரக்கர்கள் பற்றிய நூலின் தலைப்பிலேயே அவன் பெயர் ஏறிவிட்டது. எடுபிடிக்கு வந்தவன் வீட்டுப் பத்திரத்தில் பெயர் எழுதிக்கொண்ட கதை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிக்சரிலிருந்து பெயர் எடுப்பது மரபுக்கு இழுக்கு என்பார்க்கு மறுப்பு: கைகாக்ஸின் மகன் ஆடிய பாத்திரம், எல்ஃப் என்ற கற்பனை இனத்து ஆண். ஆண் என்பதற்குப் போட்ட ‘எம்’ எழுத்தும் ‘எல்ஃப்’ என்ற சொல்லும் ஒட்டி ‘மெல்ஃப்’ ஆனது. சாகாத பெரும்பகைவன் வெக்னாவின் பெயர், எழுத்தாளர் ஜாக் வான்ஸின் பெயரைக் கலைத்துப் போட்டது. ஆகவே மிக்ஸாரியன் நல்ல குடிப்பிறப்பினனே என்க.

இரண்டாம் துணிபு, சாகாமை. நம் சிக்கலின் கணக்கைப் பார்ப்போம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சாதாரண ஊர்க்காரருக்கு 4 உயிர்ப்புள்ளி, அதாவது அவ்வளவு சேதம்தான் தாங்குவார். முழு வளர்ச்சி பெற்ற சிவப்பு டிராகனின் நெருப்புக்கு 18 அறுமுகப் பகடை. எல்லாவற்றிலும் ஒன்றே விழுந்தாலும் சேதம் 18. சமாளித்து ஒதுங்கினால் பாதி தள்ளுபடி உண்டு, அப்போதும் 9. அந்தத் தள்ளுபடி பெறவே இருபதுமுகப் பகடையில் 21 விழ வேண்டும். அது விழாது என்பதை நான் பலமுறை உருட்டிப் பார்த்தே உறுதிசெய்தேன். போதாக்குறைக்கு அவன் எண்ணெய்க்கடை நடுவில் நிற்கிறான். மாஸ்டர் அட்டைத் திரைக்குப் பின்னால் எதையோ உருட்டினார். எங்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து, “மிக்ஸாரியன் அப்பத்தான் காலி குப்பி எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தான்” என்றார். எங்கள் கூட்டத்து வீரன், ஏழு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரம், அதே நெருப்பில் இறந்தான். அவனுக்குப் பின்கட்டு இல்லை.

மாஸ்டரைக் குறை சொல்வதற்கில்லை; முன்னோர் வழியும் இதுவே. டிரேசி, லாரா ஹிக்மன் தம்பதி எழுதி 1983இல் வந்த ‘ரேவன்லாஃப்ட்’ ஆட்டநூலின் ரத்தக்காட்டேரிப் பிரபு ஸ்ட்ராட், 2016இல் புதிய நூலில் மறுபடி வந்தான். அவனைக் கொன்றாலும் சில மாதங்களில் எழுந்துவிடுவான் என்று அந்த நூலே சொல்லிவிடுகிறது. கனடாவின் எட் கிரீன்வுட் இன்னும் ஒரு படி மேல். அவருடைய மந்திரவாதி எல்மின்ஸ்டர் தம் வீட்டுக்கே வந்து சக மந்திரவாதிகளோடு பேசுவதாகவும், தாம் ஒளிந்திருந்து கேட்பதாகவும் பத்திரிகையில் எழுதினார். அந்தக் கிழவரைப் போலவே வேடமிட்டு விழாக்களுக்கும் போனார். எல்மின்ஸ்டர் வந்தால் மற்றவர்களுக்கு வேலையில்லை என்று முணுமுணுக்கும் ஆட்டக்காரர்கள் உண்டு. முணுமுணுப்பு நியாயமானதே. செல்லப்பிள்ளை ஆட்டத்தை ஜெயிக்கத் தொடங்கினால் ஆட்டம் கெட்டது. மிக்ஸாரியன் எதையும் ஜெயிப்பதில்லை. காசு மட்டும் வாங்கிக்கொள்கிறான்.

ஏன் இந்தப் பாசம்? என் கருத்து எளியது. மேஜையில் எல்லோருக்கும் ஓர் ஆள் உண்டு; அவனாகவே மாதக்கணக்கில் வாழலாம். மாஸ்டருக்கு ஆயிரம் பேர் உண்டு, ஓர் ஆள் இல்லை. காவலாளியாக அரை நிமிடம், அரசனாகப் பத்து நிமிடம், அவ்வளவுதான். கூத்து முழுக்க மேடையை விட்டுப் போகாத கட்டியங்காரனைப் போல அவருக்கும் விடியும்வரை நிற்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. “மிக்ஸாரியன்தானே உங்களுக்குப் பிடித்தவன்?” என்று கேட்டேன். “சேச்சே, எல்லாரும் ஒண்ணுதான்” என்றார். மூக்கடைத்த குரலில்.

விதிநூல்படி ஒரு குப்பி எண்ணெயின் விலை ஒரு வெள்ளிக்காசு. சென்ற ஞாயிறு முதல் மிக்ஸாரியன் நான்கு வாங்குகிறான். கடை எரிந்ததில் நட்டமாம்.