ஃபுல் கன்ட்ரோல் அண்ணன்

சர்வர் ரூம் உள்ள கம்பெனி எதுவானாலும் அண்ணன் ஒருவர் அங்கே இருப்பார். ஏசி குளிருக்கு ஸ்வெட்டர், இடுப்பில் சாவிக்கொத்து, மானிட்டர் ஓரத்தில் ஆடை படிந்த டீ. புது டொமைன் கன்ட்ரோலரைச் சேர்த்து, பழையதை நிறுத்திய மறுநாள் காலையில் எக்ஸ்சேஞ்ச் சர்வர் அனுமதி இல்லை என்று முரண்டு பிடித்தால், எந்த அனுமதி என்று அவர் கேட்கமாட்டார். "பெர்மிஷன்தானே சார், அள்ளிக் கொடுத்துரலாம்" என்பார். கர்ணனாவது தன் கவசத்தைத்தான் அறுத்துக் கொடுத்தான். அண்ணன் கொடுப்பது கம்பெனியின் கவசத்தை.

இவரைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார். அதிகாரத்தைக் கூட்டினால் அனுமதியும் கூடும் என்று நம்புவதுதான் அவரிடமுள்ள கோளாறு. எக்ஸ்சேஞ்ச் கேட்பதோ கொசுறு போல ஓர் உரிமை: கன்ட்ரோலரின் ஆடிட்டிங் மற்றும் செக்யூரிட்டி லாகை நிர்வகிக்கும் உரிமை. வழக்கமாக டிஃபால்ட் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பாலிசி மூலம் அது எக்ஸ்சேஞ்ச் சர்வர்களின் குழுவுக்குக் கிடைத்துவிடும். புது மெஷினை வேறு ஓயூவில் வைத்ததாலோ வேறு காரணத்தாலோ அந்தப் பாலிசி அதற்கு எட்டவில்லை என்றால், ஈவென்ட் வியூவரில் 2080 என்ற பதிவே காட்டிக்கொடுக்கும். கன்ட்ரோலருக்கு ஒரு வரி, வரி நெடுக எண்கள். எட்டுகிறதா என்ற இடத்தில் 7, அதாவது எல்லாம் சுகம். எஸ்ஏசிஎல் ரைட் என்ற இடத்தில் மட்டும் 1 இருக்கவேண்டிய கட்டத்தில் 0 உட்கார்ந்திருக்கும். ஜாதகம் பார்ப்பதைவிடச் சுலபம். அந்த 0 இருக்கும்வரை புது கன்ட்ரோலரை எக்ஸ்சேஞ்ச் சீந்தாது. பழையதைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளும். அண்ணன் அதையும் நிறுத்திய அன்றுதான் குட்டு வெளிப்படுகிறது.

அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எம்.டி.யின் போனே சாட்சி. புது போனில் மெயில் வரவில்லை என்று அவர் முறையிட, அண்ணன் அவரை டொமைன் அட்மின்ஸ் குழுவில் சேர்த்துவிடுகிறார். ஆக்டிவ் டைரக்டரியில் 60 நிமிடத்துக்கு ஒருமுறை ரோந்து வரும் வேலை ஒன்று உண்டு. பெரிய குழுக்களில் இருக்கும் கணக்குகளுக்கு மேலிருந்து வழிவழியாக இறங்கும் அனுமதிகளை அது வெட்டிவிடும், பாதுகாப்புக்காக. எக்ஸ்சேஞ்சுக்கு அந்தக் கணக்கின்மேல் இருந்த உரிமையும் அதோடு போகும். போனைப் பதிவுசெய்யப் போனால் அனுமதி மறுப்பு! ராஜாவாக்கியதால் வாசற்கதவு மூடிக்கொண்டது. பதறி அவரைக் குழுவிலிருந்து எடுத்தாலும் வெட்டியது தானாக ஒட்டாது. யாராவது அந்தக் கணக்கைத் திறந்து கையால் சரிசெய்யவேண்டும்.

"அண்ணன் கைபட்டதும் சரியாகிறதே?" என்பீர்கள். ஆகிறதுதான். கன்ட்ரோலர்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பாலிசியைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். வேறு வேறு சைட்டுகளில் இருந்தால், மாற்றாமல் விட்ட அமைப்பில், ஒரு மாற்றம் போய்ச்சேர 180 நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் அண்ணன் நாலு பெட்டியை டிக் செய்து, இரண்டு ரீஸ்டார்ட் போட்டு, டீயும் குடித்துவிடுவார். தானாக வந்துசேர்ந்த மாற்றத்துக்கும் மாலை அவர் கழுத்தில். பின்னால் எம்.டி. நிற்கும்போது உட்கார்ந்து லாக் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பாதி பதில்தான். 2080-ஐப் படிக்க ஒரு ரீஸ்டார்ட் ஆகும் நேரம்கூடத் தேவையில்லை. ஆனால் லாக் படிப்பவர் சும்மா இருப்பவர்போலத் தெரிவார், ஓடுகிறவர்தான் உழைப்பாளி. இன்கிரிமென்ட் போடுகிறவர்களுக்கு ஓட்டம்தான் கண்ணில் படும்.

அண்ணன் இருக்கும் கம்பெனியில் டொமைன் அட்மின்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். எம்.டி. இருப்பார், அவர் பி.ஏ. இருப்பார், எப்போதோ ஆடிட்டுக்கு வந்துபோனவர் இருப்பார். மூன்றாம் மாடியில் ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷினும் இருக்கும்.