சக்கரபாணி

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வடக்கு பிரான்சின் சர்க்கரைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். வலக்கையில் சைக்கிள் சக்கரம். சங்கு இருக்க வேண்டிய இடக்கையில் தண்ணீர் பாட்டில். பெருமாளுக்கு உரிய புன்னகை மட்டும் முகத்தில் இருக்காது. விடியுமுன் எழுந்து பெட்டி தூக்கியவருக்கு அதெல்லாம் வராது.

பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் ஏதோ ஓர் அணியின் சுவான்யேர் அவர். ஆங்கிலம் பேசும் வீரர்கள் செல்லமாக ‘ஸ்வானி’ என்பார்கள். வீரர்களுக்குக் கால் பிடித்துவிடுவது, சாப்பாடு கட்டுவது, துணி துவைப்பது, ஓட்டல் ஓட்டலாகப் பெட்டி ஏற்றி இறக்குவது, பந்தயத்தன்று வழியில் நின்று தண்ணீரும் தீனியும் சக்கரமும் நீட்டுவது எல்லாம் அவர் தலையில். சம்பளம் மட்டும் ஓர் ஆளுக்குத்தான்.

பந்தயம் 1896-ல் தொடங்கியது. பாரிஸ் இப்போது பெயரில்தான் இருக்கிறது. 1977 முதல் கொம்பியேன் என்ற ஊரிலிருந்துதான் புறப்படுகிறார்கள். சுமார் 260 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர், கருங்கல் பதித்த பழைய வண்டிப்பாதை. ஒரே நீட்டாக வராமல் முப்பது துண்டுகள் போல வந்து உயிரை வாங்கும். ‘வடக்கின் நரகம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் பாதையைப் பார்க்கப் போன பத்திரிகைக்காரர்கள், குண்டு விழுந்து சிதைந்த ஊர்களைக் கண்டு வைத்த பெயர் அது. ஊர்களை மறுபடி கட்டிவிட்டார்கள். கல் பாதையைச் சமப்படுத்தலாமே என்று மட்டும் அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள். அதைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. ஜெயித்தவருக்குக் கொடுக்கும் பரிசும் ஒரு கருங்கல்தான்.

அந்தக் கல்லில் டயர் வெடிக்கும். உதவிக்கு வர வேண்டிய அணியின் கார், சிதறிப்போன கூட்டத்துக்கும் புழுதிக்கும் பின்னால் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். ஆகவேதான் கல் துண்டு முடிகிற ஒவ்வொரு முனையிலும் இப்படி ஒரு சக்கரபாணி நிற்க வேண்டியிருக்கிறது.

அவருடைய பந்தயம் முதல் நாள் இரவே அரிசியில் தொடங்கிவிடும். அரிசியைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, தட்டில் அழுத்தி, ஆறியதும் துண்டு போட்டுப் பளபளக்கும் தாளில் சுற்றி வைப்பார். ஆறிப்போன சர்க்கரைப் பொங்கலை நினைத்துக்கொள்ளலாம். நெய்யும் முந்திரியும் மட்டும் இல்லை. பிறகு பாட்டில்கள். எதில் வெறுந்தண்ணீர், எதில் சர்க்கரைக் கரைசல் என்று மூடியில் பேனாவால் குறி போடுவார். குறி மாறி, தலையில் கொட்டிக்கொள்ள நினைத்தவன் கைக்குச் சர்க்கரைத் தண்ணீர் போய்விட்டால், அன்று முழுக்க அந்த ஹெல்மெட்டுக்குள் எறும்பு ஒன்றுதான் குறை.

அவருடைய கலையெல்லாம் கையில் இருக்கிறது. தோளில் மாட்டும் துணிப்பை ஒன்றில் தீனியைப் போட்டு, நீண்ட வார் தொங்கும்படி கையை நீட்டி நிற்பார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் அந்த வாருக்குள் கையை விட்டு இழுத்துக்கொண்டு போவான். ஒரு நொடி முன்னால் விட்டால் பை தரையில். ஒரு நொடி பின்னால் விட்டால் வீரனே தரையில். இதைச் சரியாகச் செய்ததற்காக யாரும் கைதட்டியதாகச் சரித்திரம் இல்லை.

சக்கரம் கொடுப்பது இன்னும் கஷ்டம். வந்து நிற்கிறவன் முன்சக்கரமா பின்சக்கரமா என்று சொல்வதற்குள் மூன்று வசவு வந்துவிடும். அணியில் பல நாட்டுக்காரர்கள் இருப்பதால், ஸ்வானிக்கு ஐந்தாறு மொழிகளில் கெட்ட வார்த்தை அத்துப்படி. அந்த மொழிகளில் ‘நன்றி’க்கு என்ன என்று கேட்டுப் பாருங்கள், யோசிப்பார்.

கடைசி ஆள் கடந்ததும் ஓட்டம். சக்கரங்களைக் காருக்குள் எறிந்துவிட்டு, டிராக்டர் போகும் சந்துகளில் புகுந்து, அடுத்த முனைக்குப் பந்தயத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். நடுவில் வழியை அடைத்துக்கொண்டு போலீஸ் நிற்கும், வேன்களை நிறுத்தி வைத்துப் பீரும் உருளைக்கிழங்கு வறுவலுமாக ரசிகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். “யாருங்க முன்னால போறது?” என்று அவர்கள் இவரைக் கேட்பதைவிடப் பெரிய கொடுமை கிடையாது. இவர் பார்த்ததெல்லாம் தன் அணிச் சட்டை ஏழு; அதிலும் இரண்டைக் காணோம் என்ற கவலை.

இந்தத் தொழிலுக்கு ஒரு குலப்பெருமையும் உண்டு, ஒரு களங்கமும் உண்டு. இத்தாலியின் மாவீரர் ஃபௌஸ்டோ கோப்பிக்குக் கால் பிடித்துவிட்ட பியாஜியோ கவன்னா பார்வை இழந்தவர். வீரனின் தசையைத் தொட்டே தரம் சொல்லிவிடுவார். களங்கம் 1998-ல் வந்தது. டூர் த பிரான்ஸ் தொடங்குகிற நேரம், ஃபெஸ்டினா அணியின் சுவான்யேர் வில்லி வோட்டை பெல்ஜிய எல்லையருகே சுங்கக்காரர்கள் மடக்கினார்கள். காரில் ஊக்கமருந்துக் கடையே இருந்தது. இன்றைக்கு நம் ஆள் காரில் அரிசிக் கட்டியும் அழுக்குத் துணியும்தான். இரண்டுக்கும் வாசனை உண்டு, வழக்கு கிடையாது.

பந்தயம் முடிவது ரூபே நகரத்து சைக்கிள் மைதானத்தில். வெயில் நாளென்றால் வீரர்கள் புழுதி பூசி வருவார்கள். மழை நாளென்றால் சேற்றுச் சிலைகளாக வருவார்கள். கொரோனாவால் 2021-ல் பந்தயம் அக்டோபருக்குத் தள்ளிப்போனபோது, 2002-க்குப் பிறகு முதல் தடவையாக அப்படி ஒரு மழை. சேற்றோடு வந்து ஜெயித்தவர் இத்தாலியின் சோனி கோல்பிரெல்லி. அப்படிப்பட்ட நாளில் புல்லில் சரிந்து கிடப்பவர்களில் தன் ஆள் எவன் என்று கண்டுபிடிப்பதே ஸ்வானிக்குப் பரீட்சை. முகத்தை நம்ப முடியாது. தினமும் பிடித்துவிடும் கெண்டைக்காலை நம்பலாம். துண்டும் கோலா டப்பாவுமாக ஓடிப்போய், அவசரத்தில் முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த அணிக்காரன் என்று தெரிந்தால் என்ன செய்வார்? மீதி முகத்தையும் துடைத்துவிட்டுத்தான் வருவார். பாதியில் விடுகிற கை இல்லை அது.

அங்கே பழைய குளியலறை ஒன்று பெயர் போனது. பந்தயத்தை வென்றவர்களின் பெயர்களை ஒவ்வொரு தடுப்பிலும் பித்தளைத் தகட்டில் பொறித்திருப்பார்கள். ஸ்வானி அங்கே போவது யாராவது துண்டை மறந்துவிட்டு வந்திருந்தால்தான்.

அப்போது வீட்டிலிருந்து போன் வரும்.

“டிவியில உங்களைக் காட்டினாங்க!”

“அப்படியா? எப்படி இருந்தேன்?”

“கை மட்டும்தான் தெரிஞ்சுது. ஜெர்கின்ல அந்தக் கிழிசலைத் தைச்சுக் கொடுன்னு ஏன் என்கிட்ட சொல்லலே?”

அதையெல்லாம் விட்டுவிட்டு ரகசியமாக அவர் கேட்பார்: “சரி, யார் ஜெயிச்சது?”

சோபாவில் உட்கார்ந்து ஆறு மணி நேரம் பார்த்த அம்மாள், யார் எங்கே விழுந்தார், யார் எங்கே பிரிந்தார் என்று விலாவாரியாகச் சொல்வார். பந்தயத்துக்கே போய்வந்தவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இரவு மசாஜ் மேசையில் அணியின் நட்சத்திரம் குப்புறப் படுத்து, தோற்ற கதையைச் சொல்லத் தொடங்குவான். காற்று எதிராக இருந்தது, டயரில் காற்று கூடுதல், கூட வந்தவர்கள் ஒத்துழைக்கவில்லை. தொடையை அழுத்திக்கொண்டே எல்லாவற்றுக்கும் ‘ம்’ போடுவார் ஸ்வானி. துவைக்கப் போட்ட சட்டையின் பின்பக்கப் பையை அவர் ஏற்கெனவே துழாவிப் பார்த்தாயிற்று.

“ரெண்டு அரிசிக் கட்டி அப்படியே இருக்கு. ஏம்ப்பா, சாப்பிடலையா நீ?”

நட்சத்திரம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும்.