சீசன் டிக்கெட்டும் சாயரட்சையும்

2017 நவம்பரில் ஜப்பானில் ஒரு ரயில் 20 நொடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. தோக்கியோவின் அகிஹபாராவுக்கும் சுகுபா நகரத்துக்கும் இடையே, வேலைக்குப் போய் வருகிறவர்களுக்காக ஓடும் சுகுபா எக்ஸ்பிரஸ் பாதை அது. மினாமி நகரேயாமா என்ற ஸ்டேஷனில் 9 மணி 44 நிமிடம் 40 நொடிக்குப் புறப்பட வேண்டிய வண்டி, 20-வது நொடியிலேயே நகர்ந்துவிட்டது. பயணிகள் யாரும் புகார் சொல்லவில்லை. அடுத்த வண்டி நாலு நிமிடத்தில் இருந்தது. இருந்தும் கம்பெனி ஊரறிய மன்னிப்புக் கேட்டது.

இந்தச் செய்தியைக் காரைக்குடி டீக்கடையில் உரக்க வாசித்துக் காட்டியவன் நான். வாசித்ததோடு விட்டிருக்கலாம். “நம்ம ஆளுங்களுக்கு நேரத்தோட அருமை எங்கே தெரியுது?” என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், “அண்ணே, பழைய பாக்கியப் போன பொங்கலுக்குத் தர்றேன்னு சொன்னீங்க” என்றார். நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

அந்த அவமானத்தில்தான் சீசன் டிக்கெட் எடுத்தேன். எனக்குத் திருச்சியில் கணக்கு எழுதும் வேலை. காரைக்குடியிலிருந்து 90 கிலோமீட்டர். அதுவரை எந்த பஸ் கிடைக்கிறதோ அதில் தொற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். இனிமேல் காலை பாசஞ்சர், ஜப்பான்காரன் மாதிரி நொடி பிசகாமல் என்று வீட்டில் அறிவித்தேன். வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாத சீசனில் ஒரு கணக்கு உண்டு. ஏறக்குறைய 15 தடவை ஒருவழி டிக்கெட் எடுக்கும் காசுதான் அதன் விலை. போக ஒன்று, வர ஒன்று என்று வைத்தால் எட்டு நாள் போனாலே போட்ட காசு வந்துவிடும். மீதி நாளெல்லாம் லாபம். கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன? ஆபீசில் எல்லாருக்கும் தாளில் போட்டுக் காட்டினேன். என் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் சீசன் எடுத்து நன்றாகவே சம்பாதித்தார்கள். நான் எந்த மாதமும் அந்த எட்டு நாளை எட்டவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து மணிக்கு அலாரம் வைப்பேன். அது அடித்ததும் அணைப்பேன். அணைத்த கையோடு, நம் பாதை ஒற்றைத் தண்டவாளம்தானே, எதிரே வருகிற வண்டிக்கு எங்காவது ஒதுங்கி நிற்கும், எப்படியும் லேட்டாகத்தான் வரும் என்று மனசுக்குள் ஒரு நியாயம் எழும். அது முடிவதற்குள் தூக்கம் வந்துவிடும். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் படியேறும்போது வண்டி கோட்டையூரைத் தாண்டியிருக்கும். சுகுபாவில் ஒரு வண்டியை விட்டால் நாலு நிமிடம் நிற்க வேண்டும். இங்கே விட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், சீசன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, காசு கொடுத்து பஸ் டிக்கெட் வாங்க வேண்டும்.

சீசன்காரர்கள் நல்லவர்கள். முதல் வாரம் எனக்காக ஜன்னலோரம் ஒரு துண்டு போட்டு வைத்தார்கள். இளநீலத் துண்டு, ஓரத்தில் சாம்பார்க் கறை. இரண்டாம் வாரம் துண்டு நடு சீட்டுக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் ஒருநாள் மூச்சிரைக்க ஏறிப் பார்த்தால், என் இடத்தில் ஒரு தூக்குச்சட்டி உட்கார்ந்திருந்தது. “அண்ணே, அது தினம் வருது” என்றார்கள். நான் கதவோரம் நின்றே போனேன்.

ஒருநாள் பாசஞ்சர் நேரத்தை நம்பாமல், உண்மையிலேயே இருட்டோடு எழுந்துவிட்டேன். எழுந்த பெருமையில், சென்னை போகும் பல்லவன் நின்றுகொண்டிருக்க, திருச்சி வரைக்கும்தானே என்று ஏறிவிட்டேன். அது சூப்பர்ஃபாஸ்ட், சீசன் வைத்திருந்தாலும் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். போதாததற்கு நான் உட்கார்ந்தது ரிசர்வேஷன் பெட்டியில். டிக்கெட் பரிசோதகரிடம் அந்த 15 தடவைக் கணக்கை விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

இதையெல்லாம்விட வெட்கமான விஷயம் ஆபீசில் நான் சொன்ன காரணம். எந்த வழியில் வந்தாலும், எத்தனை மணிக்கு வந்தாலும், “ரயில் லேட்டு” என்பேன். பஸ்ஸில் வந்த நாளிலும் ரயில்தான் லேட்டு. ஜப்பானில் வண்டி தாமதமானால், ஆபீசில் காட்டுவதற்கு ரயில் கம்பெனியே ஒரு தாமதச் சீட்டு கொடுக்கிறது. அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்புறம் யோசித்தால், அங்கே இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் மாட்டியிருப்பேன். சீட்டு எங்கே என்று கேட்டிருப்பார்கள். இங்கே மாட்டியது செல்போனால். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ரயில் எங்கே ஓடுகிறது என்று காட்டும் செயலியைத் திறந்து, “சார், இன்னைக்கு வண்டி அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்திருக்கே” என்றாள். கேலிக்காகச் சொல்லவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

தூக்கம் என்னைப் போகும்போது மட்டும் கெடுத்தால் பரவாயில்லை. ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மானாமதுரை போகும் வண்டியில் திரும்பினேன். பல்லவனென்றால் காரைக்குடியோடு முடிந்துவிடும், தூங்கினாலும் துப்புரவுக்காரர் எழுப்பி விடுவார். இது மேலே போகிற வண்டி. கண் விழித்தால் தேவகோட்டை ரஸ்தா. பேரில் தேவகோட்டை இருக்கிறதே தவிர ஊர் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. வீட்டுக்குப் போன் செய்து, “ஒரு சோலியா தேவகோட்டை வந்தேன், நேரமாகும்” என்றேன். பின்னால் வண்டி ஊதியது. “ரஸ்தாவுலயே இருங்க. தம்பி வண்டி எடுத்துக்கிட்டு வருவான்” என்று மனைவி போனை வைத்துவிட்டாள்.

இப்படிப்பட்டவனை நம்பி ஒரு தெருவே ரயில் விவரம் கேட்கிறது என்றால் அதற்கும் நான்தான் காரணம். எனக்குப் பழைய கதை தெரியும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-ல் தண்டவாளம் வந்ததும், மறு வருஷம் அது காரைக்குடி வழியாக மானாமதுரையைத் தொட்டதும் தெரியும். இலங்கையில் கடை வைத்திருந்த செட்டியார்கள் போட் மெயிலில் தனுஷ்கோடி போய், அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியதும், 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனதும் தெரியும். அறந்தாங்கியிலிருந்து காரைக்குடிக்கு 1952-ல்தான் பாதை வந்தது, அதற்கப்புறம் கம்பன் பேரில் ஒரு எக்ஸ்பிரஸ் பட்டுக்கோட்டை, திருவாரூர் வழியாகச் சென்னை போனது என்று அடுக்குவேன். கம்பன் கழகம் பிறந்த ஊரிலிருந்து கம்பன் பேரில் வண்டி விட்டார்களே, அந்த ரசனையுள்ள அதிகாரி யாரோ என்று பெருமூச்சும் விடுவேன். ஓடி முடிந்த ரயில்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. நாளைக் காலை வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

எதிர் வீட்டு ஆச்சிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அந்த அறந்தாங்கி வழி மீட்டர் கேஜ் பாதையை 2012-ல் மூடி, அகலப்படுத்தி, 2019 ஜூனில் திருவாரூர் வரை மறுபடி வண்டி விட்டபோது, “தம்பி, மதியம் ஏறுனா தியாகராசர் சாயரட்சை பாத்துரலாமா?” என்று கேட்டார்கள். திருவாரூரில் சாயரட்சை என்கிற மாலைப் பூஜைதான் விசேஷம். 149 கிலோமீட்டர், புதுத் தண்டவாளம், டீசல் வண்டி. மனக்கணக்கில் மூன்று மணி நேரம் போட்டேன். “தாராளமா ஆச்சி. நானே கூட்டிட்டுப் போறேன்” என்றேன். ஆச்சி ஒரு தூக்கில் சீப்புச் சீடையும் ஒரு பையில் பட்டுச் சேலையும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டேஷன் வந்ததும் சேலை மாற்றிக்கொண்டு நேரே சன்னதிக்குப் போவதாகத் திட்டம்.

கண்டனூர் புதுவயல் தாண்டியதும் வண்டி நின்றது. முன்னாலிருந்து ஒருவர் கொடியோடு இறங்கி நடந்துபோய் ரயில்வே கேட்டைச் சாத்தினார். வண்டி மெல்லக் கடந்து மறுபடி நின்றது. பின்னாலிருந்து இன்னொருவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டார். அடுத்த கேட்டிலும் அதே. அந்தப் பாதைக்கு அப்போது கேட் கீப்பர்கள் போடப்பட்டிருக்கவில்லை. அதனால் வண்டியிலேயே ஆள் ஏற்றி அனுப்பினார்கள். சுகுபா பாதையில் ரயில்வே கேட்டே கிடையாது. எங்கள் பாதையிலோ ஒவ்வொரு வண்டிப்பாதைக்கும் ஒரு கேட். முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது, ஆச்சிக்கு விளக்கமும் சொன்னேன். அறந்தாங்கி வந்தபோது விளக்கம் தீர்ந்துவிட்டது. பேராவூரணியில் சீடை தீர்ந்தது. பட்டுக்கோட்டையில் வெயில் சாய்ந்தது.

“தம்பி, இப்ப அங்க மணி அடிச்சிருப்பாக” என்றார்கள் ஆச்சி. கோபமே இல்லாத குரல். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பேரும் இருட்டில் வந்து போயிற்று. மொத்தம் ஆறு மணி நேரம். வண்டி மேல் குற்றமில்லை, கால அட்டவணையிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. 1894-லேயே திருவாரூர்-முத்துப்பேட்டைப் பாதை வந்துவிட்டது என்று தெரிந்து வைத்திருந்த நான், அந்த அட்டவணையைப் பார்க்கவில்லை.

அன்றிரவு சத்திரத்தில் தங்கி, மறுநாள் சாயரட்சை பார்த்தோம். திரும்பும்போது பஸ் என்று ஆச்சியே முடிவு செய்துவிட்டார்கள். இன்றும் எங்கள் வீட்டுக்குச் சீடை வருகிறது. ரயில் பற்றி மட்டும் ஆச்சி எதுவும் கேட்பதில்லை. பேத்தியை விட்டு செல்போனில் பார்க்கச் சொல்கிறார்கள்.

காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் ரயில் நேரம் தெரிய வேண்டுமானால் 139-க்குப் போன் செய்யுங்கள். தனுஷ்கோடி போட் மெயில் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமானால் மட்டும் எங்கள் தெருவுக்கு வாருங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் வேண்டாம்.