அலைன்மென்டில் பூனை நியாயமும் குரங்கு நியாயமும்

புரத வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி ஒப்பிடும் கலையைப் பற்றி எழுதியவர்கள் அல்காரிதத்துக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அடுக்கியதை உட்கார்ந்து திருத்துகிற கைக்கு ஒரு பாராகூட ஒதுக்கவில்லை. வலக்கை எதைப் பிடித்திருக்கிறது, இடக்கைச் சுண்டுவிரல் எதை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று விசாரிக்காமல் பரிணாமத்தைப் பற்றி வாய் திறப்பது முறையன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக் களமாக ஜால்வியூவை எடுத்துக்கொண்டோம். 1996இல் பிறந்து, இன்று ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் வளர்ந்துவரும் மென்பொருள் அது. ஆய்வுப் பொருள், மனித ஹீமோகுளோபினின் ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகள். முன்னதில் 141 அமினோ அமிலங்கள், பின்னதில் 146. இரண்டையும் சரியாக அடுக்கினால் 148 பத்திகள் வரும். ஆல்ஃபாவில் ஏழு இடைவெளி, பீட்டாவில் இரண்டு. (சில தரவுத்தளங்கள் தொடக்கத்து மெத்தியோனினையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடும். அரிவாள் செல் சோகைக்குக் காரணமான மாற்றம் ஆறாம் இடத்திலா, ஏழாம் இடத்திலா என்ற பழைய சண்டை அதனால் வந்ததுதான். நாம் சேர்க்கவில்லை.) ஆல்ஃபாவின் ஏழில் ஐந்து ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. பீட்டாவில் உள்ள ‘டி’ என்ற சிறு சுருள் ஆல்ஃபாவில் இல்லாமல் போனதன் தழும்பு அது.

அந்த ஐந்தையும் இடுவது எப்படி? இங்கேதான் உலகம் இரண்டாகிறது. பூனை தன் குட்டியை வாயால் கவ்விச் செல்லும், குட்டி சும்மா இருந்தால் போதும் என்பது வைணவத்தில் தென்கலையார் நியாயம். குரங்குக் குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையார் நியாயம். ஜால்வியூவில் ஷிப்டை அழுத்திக்கொண்டு, அமினோ அமிலத்தைக் குறிக்கும் ஒரு எழுத்தை மௌஸால் கவ்வி வலப்பக்கம் இழுத்தால், அதற்குப் பின்னாலுள்ள எழுத்துகள் அத்தனையும் சேர்ந்து நகரும், விட்ட இடத்தில் இடைவெளி விழும். இடப்பக்கம் இழுத்தால் இடைவெளி கரையும், ஆனால் எழுத்து ஒன்றுகூடக் கரையாது. குட்டிக்கு எந்த முயற்சியும் இல்லை. ஆகவே இவர்கள் பூனைக் கட்சி. கையில் எலியை வைத்திருப்பவர்களுக்கு இப்பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் குறித்துக்கொண்டு மேலே செல்கிறோம்.

குரங்குக் கட்சியார் எஃப்2வை அழுத்துவார்கள். கர்சர் ஒரு எழுத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றிய கட்டம் கறுத்து, எழுத்து வெளுக்கும். அம்புக்குறி விசையால் கட்டம் கட்டமாகத் தாவுவார்கள், ஸ்பேஸ் பாரைத் தட்டி இடைவெளி இடுவார்கள். இவர்களுடைய வித்தை எண்களில் இருக்கிறது. ஆல்ஃபா வரிசையில் நின்றுகொண்டு 50 என்று தட்டி ‘பி’யை (P) அழுத்தினால், இடைவெளிகளைக் கணக்கில் கொள்ளாமல் ஐம்பதாவது அமினோ அமிலமான ஹிஸ்டிடினில் போய் நிற்கும். அது இருப்பது 57ஆம் பத்தியில். அதே 50ஐத் தட்டி ‘சி’யை அழுத்தினால் ஐம்பதாம் பத்தியில் இறங்கும். அங்கே இருப்பது 48ஆவதான லூசின். ஒரே எண், ஒரே விரல், இரண்டு ஊர். ‘பி’ மூலக்கூறின் கணக்கு, ‘சி’ அடுக்கியவரின் கணக்கு. இந்த வேறுபாட்டைப் பூனைக் கட்சியார் அறிந்ததற்கான சான்று நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் திரையைப் பார்த்துத் தோராயமாகக் கவ்வுகிறவர்கள்.

இனி செலவுக் கணக்கு. புரதங்களுக்கான பிளாஸ்ட் நிரலில் வழக்கமான அமைப்பின்படி ஒரு இடைவெளியைத் திறக்க 11 அபராதம், அதன் நீளத்தில் ஒவ்வொன்றுக்கும் 1. ஐந்தும் சேர்ந்தே வந்தால் 16. தனித்தனியாகச் சிதறினால் 60. திறப்பதற்குத் தனி, நீட்டுவதற்குத் தனி என்ற இம்முறையை வேகமாகக் கணக்கிடும் வழியை கோத்தோ 1982இல் தந்தார். பரிணாமத்தில் ஒரே நிகழ்வில் பல எழுத்துகள் சேர்ந்து போவதுண்டு, அதனால் இப்படி என்று பாடநூல் காரணம் சொல்லும். நமக்கு அது போதவில்லை. மௌஸ்காரரைக் கவனியுங்கள். கீபோர்டிலிருந்து கையை எடுத்து, மௌஸைத் துழாவி, கடுகளவு எழுத்தைக் குறிபார்த்து, ஷிப்டைத் தேடி அழுத்துவதற்குள் மனிதர் களைத்துப்போகிறார். அது திறப்புச் செலவு. பிறகு ஐந்து இழுத்தாலும் ஐம்பது இழுத்தாலும் மணிக்கட்டுக்கு ஒன்றுதான். ஸ்பேஸ் பாரை மட்டுமே நம்பும் விசைக்காரருக்கோ ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு தட்டு, திறப்புக் கட்டணம் கிடையாது. எங்கெல்பார்ட் மௌஸை உலகுக்குக் காட்டியது 1968. வரிசைகளை அடுக்கும் தங்கள் முறையை நீடில்மனும் வுன்ஷும் வெளியிட்டது 1970. மௌஸ் முந்தியது. ஆகவே கோத்தோவின் சூத்திரம் வருணிப்பது பரிணாமத்தை அன்று, மௌஸ்காரரின் தோள்பட்டையை என்பது பெறப்படும்.

இதற்கொரு தடை: ஸ்பேஸ் பாரை விடாமல் அழுத்திப் பிடித்தால் விசைக்காரருக்கும் நீட்டுவது இலவசம்தானே? விடை: இலவசம்தான், ஆனால் ஐந்து வேண்டிய இடத்தில் ஒன்பது வந்து நிற்கும். மீதியைப் பேக்ஸ்பேஸால் திரும்ப வாங்க வேண்டும்.

குரங்குக் கட்சிக்கு வேறொரு தோஷம் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. எஃப்2 போட்டது மறந்து, டீ கிளாஸை எடுக்கிற சாக்கில் ஸ்பேஸ் பாரில் கை படும். ஆல்ஃபாவில் எங்கோ ஒரு இடைவெளி கூடிவிடும். ஹீமில் உள்ள இரும்பைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின் ஆல்ஃபாவில் 87, பீட்டாவில் 92. இரண்டும் 94ஆம் பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றவை. இப்போது ஒன்று 95க்குப் போய்விட்டது. கண்டுபிடித்தால் கன்ட்ரோல் இசட். கண்டுபிடிக்காவிட்டால், பல கோடி ஆண்டுகளாக அசையாத ஒரு எழுத்தை ஒரு டீ அசைத்துவிட்டது என்று பொருள்.

டச்பேடுகாரர்கள் தங்களை மூன்றாம் கட்சியாக ஏற்க வேண்டும் என்கிறார்கள். ஷிப்டோடு இழுத்துக்கொண்டே போகையில் விரல் டச்பேடின் ஓரத்தில் முட்டிக்கொள்கிறது. தூக்கினால் எழுத்து நழுவுகிறது. ஆதலால் இவர்கள் இடும் இடைவெளியின் நீளம் புரதத்தைச் சார்ந்ததன்று, டச்பேடின் அகலத்தைச் சார்ந்தது. பல லேப்டாப்களில் எஃப்2வை மட்டும் அழுத்தினால் கர்சருக்குப் பதிலாகத் திரையின் வெளிச்சமோ சத்தமோ மாறுகிறது. அதனால் குரங்குக் கட்சிக்கும் இவர்கள் உடனடியாக ஆக மாட்டார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தனியாக ஒரு மௌஸ் வாங்கி வந்தால் பூனைக் கட்சியில் சேர்த்துக்கொள்வதற்குத் தடையில்லை.