லைன்ல இருங்க

ஐபிஎல்லில் ஜடேஜா சென்னையை விட்டு ராஜஸ்தானுக்குப் போனதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. ஆனால் 2025 நவம்பர் 15-ஆம் தேதி அந்தச் செய்தி வந்ததிலிருந்து தண்டனை எனக்குத்தான். ஜடேஜாவும் சாம் கரனும் அங்கே, சஞ்சு சாம்சன் இங்கே. மூன்று பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்து எஃப்எம்மில் காலை நிகழ்ச்சி நடத்துகிற தம்பி மட்டும் விடுவதாக இல்லை. "ஜட்டு போனது சரியா, தப்பா? உடனே கால் பண்ணுங்க!"

நான் ரேடியோ வைத்திருப்பவன் அல்ல. பஸ்ஸில் போகிறவன். ஆண்டகளூர் கேட்டில் ஏறினால் தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். மல்லூர் தாண்டி சீலநாயக்கன்பட்டி வரும் வரைக்கும் எனக்கும் அந்தத் தம்பிக்கும் நடுவில் ஒன்றரை அடிதான். சிஎஸ்கே பற்றி அவருக்கும் நேயர்களுக்கும் நடக்கிற பேச்சு முழுவதையும், விளம்பரம் உட்பட, கேட்டே ஆகவேண்டும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு விஷயம் சேர்ந்து கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வருகிறேன்.

முதலில் அந்தத் தம்பி. அவருக்கு அபிப்பிராயம் என்று ஒன்று கிடையாது. திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் பேசினார். "ஜடேஜாவ விட்டது பெரிய துரோகமுங்க. 2023 பைனல்ல கடைசி ரெண்டு பால்ல சிக்ஸும் போருமா அடிச்சு கப்ப வாங்கிக் குடுத்த மனுசன். தோனியே தூக்கி வச்சுக்கிட்டாருங்கள்ல?" உடனே தம்பி, "சூப்பர்ங்ண்ணா! அப்படியே என் மனசுல இருந்தத சொல்லிட்டீங்க!" ஒரு பாட்டு. அடுத்து ஆத்தூர்க்காரர். "போனது நல்லதுங்க. முப்பத்தாறு வயசாச்சு. இன்னும் எத்தன நாளைக்குப் பழைய ஆளுங்களயே வச்சு ஓட்டுறது?" தம்பி, "சூப்பர்ங்ண்ணா! அப்படியே என் மனசுல இருந்தத சொல்லிட்டீங்க!" இன்னொரு பாட்டு. அந்த மனசில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்களோ தெரியவில்லை.

மூன்றாவதாக வந்தார் மோகனூர் ரோட்டுப் பண்ணைக்காரர். கோழிப்பண்ணை. அவரும் ஆத்தூர்க்காரர் கட்சிதான். "வயசான பிளேயர எல்லாம் கழிச்சுரணுங்க" என்று கறாராகச் சொன்னார். சரி, தோனி? "தல ஆடணுங்க! அவரு இல்லாம என்னங்க டீமு?"

அப்போது தோனிக்கு 44.

சொன்னவர் யார் என்று பாருங்கள். எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர்களின் கணக்கு எனக்குத் தெரியும். ஒரு கோழி நாளைக்கு நூறு, நூற்றுப் பத்து கிராம் தீவனம் தின்னும் என்பதிலிருந்து, மக்காச்சோளம் குவிண்டாலுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது, சோயாப் புண்ணாக்கு எந்த ஊரில் மலிவு என்பது வரை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். முட்டைக்கு 5 காசு இறங்கினால் அன்று ராத்திரி சோறு இறங்காது. கோழி இருபது வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். எண்பது வாரம் தாண்டி முட்டை குறைகிறதா, ஷெட்டோடு கணக்கு முடிந்தது. ராத்திரி வண்டி வரும், கூண்டில் அடைப்பார்கள், விடிவதற்குள் கேரளா எல்லை. எந்தக் கோழியையும் நிறுத்தி வைத்து, "இதுதான் உன் கடைசி சீசனா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அதுவும் 2020-இல் டாஸ் போடும்போது தோனி சொன்ன மாதிரி "டெபனட்லி நாட்" என்று சொல்லிவிட்டு இன்னும் ஐந்து வருஷம் கூண்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

எந்தப் பண்ணையிலாவது, இந்தக் கோழி பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட முட்டை இருக்கிறதே, அடடா, என்று தீவனம் போடுவார்களா? முட்டையிடுகிற கோழிகளை எல்லாம் முன்னால் அனுப்பிவிட்டு, பெரிய கோழியை ஒன்பதாவது ஆளாக இறக்குவார்களா? சேப்பாக்கத்தில் அதுதான் நடந்தது. 2025 மார்ச் 28, பெங்களூருக்கு எதிராக. தோனி இறங்கியது ஒன்பதாவதாக. ஆட்டம் அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. 16 பந்தில் 30 அடித்தார், ஆட்டமிழக்கவில்லை; டீம் 50 ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு பெங்களூர்க்காரர்கள் சேப்பாக்கத்தில் ஜெயித்த முதல் ஆட்டம் அது. பண்ணைக்காரரிடம் தம்பி இதைக் கேட்கவில்லை. எங்கே கேட்பார்? அவரே சொன்னார்: "அன்னைக்குக்கூட கடைசி ஓவர்ல ரெண்டு சிக்ஸு பாத்தீங்கள்ல? அது போதுங்க நமக்கு."

அது போதுமாம். பண்ணையில் முட்டையே இல்லை, ஆனால் பெரிய கோழி இரண்டு தரம் கம்பீரமாகக் கொக்கரித்தது, அது போதும் என்று எழுதி பேங்குக்கு அனுப்பினால் லோன் கொடுப்பார்களா? தள்ளுபடி செய்யச் சொல்லி மனு வேண்டுமானால் எழுதலாம். கோழிக்கு முழங்கால் வலி என்று ஷெட்டில் ஏசி மாட்டிய பண்ணைக்காரரை நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோழி கூண்டை விட்டு வெளியே எட்டிப் பார்த்ததற்காக ஊரே எழுந்து நின்று விசில் அடித்து, டெசிபல் மீட்டரில் சத்தத்தை அளந்து... சரி. கோழியிலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். பண்ணைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். நானும் முட்டை தின்கிறவன்தான். அன்றைக்கு அந்த இரண்டு சிக்ஸருக்கு டீக்கடையில் எழுந்து நின்று கை தட்டியவர்களில் நானும் ஒருவன். தீவனச் செலவு என்னுடையது இல்லையே.

"நம்ம டீம்" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராசிபுரத்திலிருந்து சேப்பாக்கம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேலே. ஆனாலும் பேசுகிற அத்தனை பேருக்கும் அது "நம்ம டீம்". ஜெயித்தால் "நாம ஜெயிச்சோம்". தோற்றால் மட்டும் "அவனுங்க ஆடலைங்க". இதில் உள்ளபடியே உரிமை கொண்டாடத் தகுந்தவர் சங்ககிரிக்காரர் ஒருவர்தான். 2008-இல் சென்னை டீமை வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸுக்கு சங்ககிரியில் ஆலை இருந்தது. புகையும் தூசியும் சங்ககிரிக்கு, கோப்பை சென்னைக்கு. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பை. அந்தச் சொந்தமும் நிலைக்கவில்லை. கிரிக்கெட்டைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தாகிவிட்டது, சிமெண்ட் கம்பெனி 2024 கடைசியில் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. சங்ககிரிக்காரர் இப்போது என்ன முகாந்திரத்தில் "நம்ம டீம்" என்கிறார் என்று கேட்கலாம். நான் கேட்கவில்லை, பாவம்.

நம் ஊர் பெயரிலேயே டிஎன்பிஎல்லில் ஒரு டீம் இருக்கிறது, சேலம் ஸ்பார்டன்ஸ். வாழப்பாடி பக்கம் காட்டுவேப்பிலைப்பட்டியில் மைதானம் இருக்கிறது. 2020-இல் திறந்தபோது ராகுல் டிராவிட் வந்திருந்தார். அந்த டீமில் யார் விக்கெட் கீப்பர் என்று ஒரு போன்கூட வந்து நான் கேட்டதில்லை. கபடிக்கு வருவோம். இங்கே ஊருக்கு ஊர் டியூப்லைட் கட்டி விடிய விடிய ஆடுகிற ஆட்டம். 2017-இலிருந்து தமிழ் தலைவாஸ் ஆடிக்கொண்டிருக்கிறது, கோப்பை பக்கமே போனதில்லை, அரையிறுதியே 2022 சீசனில்தான். அழுவதற்கு இவ்வளவு வாகான டீம் வேறு ஏது? அழுவார் இல்லை. கூடைப்பந்து என்று ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளில் அது பிள்ளை உயரமாக வளர்வதற்காகப் பெற்றோர் ஆசைப்படுகிற ஆட்டம். பத்தாம் வகுப்பு வந்தால் உயரமும் வேண்டாம், பந்தும் வேண்டாம்.

ஒரு காலத்தில் வானொலியில் ஆட்டமே வந்தது. அப்துல் ஜப்பார், கூத்தபிரான் என்று நல்ல தமிழில் கிரிக்கெட் சொன்னவர்கள் இருந்தார்கள். பந்து எங்கே விழுந்தது, யார் ஓடுகிறார், ஸ்கோர் என்ன என்று கேட்டுக்கொண்டே வயலில் மடை மாற்றலாம். இப்போது தனியார் எஃப்எம்முக்கு 2011-இல் வந்த விதிப்படி விளையாட்டுத் தகவல் சொல்லலாம், நேரடி வர்ணனை கூடாது. ஆட்டத்தைச் சொல்ல விடாமல் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசச் சொன்னால் என்ன ஆகும்? ஜடேஜா ஆகும். இதிலும் ஒரு விசேஷம்: உள்ளூர்ப் போட்டி என்றால் நேரடி வர்ணனைக்கு அந்த விதி இடம் கொடுக்கிறது. சேந்தமங்கலம் கபடியை நேராகச் சொல்லலாம். சொல்வார் யார்?

நியூயார்க்கில் டபிள்யூஎஃப்ஏஎன் என்று ஒரு நிலையம், 1987-இலிருந்து நாள் முழுக்க விளையாட்டுப் பேச்சு மட்டுமே. அங்கே நடத்துகிறவர்கள் போன் பண்ணுகிறவனைப் பேசவிட்டு, நீ சொல்வது உளறல் என்று முகத்துக்கு நேரே சொல்லி, போனையும் வைத்துவிடுவார்களாம். 1973-இல் கோப்பை வாங்கிவிட்டு அதன்பின் பல பத்தாண்டுகள் வெறுங்கையோடு நின்ற நிக்ஸ் கூடைப்பந்து டீமுக்காக, அப்படித் திட்டு வாங்கவே மக்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். என் ஆசையும் அவ்வளவுதான். "ஏனுங்ண்ணா, நீங்க சொல்றது தப்புங்" என்று ஒரே ஒரு தடவை நம் தம்பி வாயிலிருந்து வந்துவிட்டால், அவர் சொல்கிற விளம்பரக் கடையில் நான் துணி எடுக்கத் தயார்.

சரி, நாமே பேசிவிடுவோம் என்று பஸ்ஸில் இருந்தே போன் போட்டேன். "லைன்ல இருங்க" என்றது ஒரு குரல். பாட்டு ஓடியது. மல்லூர் வந்தது.

"ஹலோ, ஹலோ, ஹலோ! யாருங்க பேசுறது?"

என் குரல் என் தலைக்கு மேலேயும் கேட்டது. இரண்டும் மோதி ஒரு வீச்சென்ற சத்தம். பஸ்ஸில் எல்லோரும் காதைப் பொத்தினார்கள்.

"அண்ணா, ரேடியோவக் கொறச்சு வைங்ண்ணா!"

"அது டிரைவர் கையில இருக்குதுங்க தம்பி."

"சூப்பர்ங்ண்ணா! சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன். நான் என்ன சொல்ல வந்தேன்னா, சின்னப்பம்பட்டில இருந்து..."

"ஓ, சின்னப்பம்பட்டில இருந்து பேசுறீங்களா! சூப்பர்ங்ண்ணா! யாருக்கு டெடிகேட் பண்றீங்க?"

கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மனைவிக்கு டெடிகேட் செய்துவிட்டு இறங்கினேன். அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்காது, அவளுக்கும் பிடிக்காது.

நான் சொல்ல இருந்தது சின்னப்பம்பட்டி நடராஜனைப் பற்றி. வலைப் பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போன ஆள். 2020 டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாளில் டி20, ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட். ஊர் திரும்பியபோது சாரட்டில் வைத்து இழுத்துப் போனார்கள். அப்போது இந்த எஃப்எம்களில் எல்லாம் அவர் "நம்ம நட்டு". 2025 சீசனுக்கு டெல்லி 10 கோடியே 75 லட்சம் கொடுத்து எடுத்து, இரண்டே ஆட்டத்தில் இறக்கியது. ஏன், என்ன ஆயிற்று, உடம்பா, அணிக்குள் கணக்கா, என்று ஒரு நேயர் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை. ஜடேஜா போன அதே நாளில்தான் டெல்லி தன் பட்டியலில் நடராஜனை வைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. சேலத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற ஊர்க்காரர். சௌராஷ்டிராக்காரர் ஜடேஜாவுக்காக இத்தனை பேர் கண்ணீர் விடுகிற மாவட்டத்தில் அது ஒரு வரிச் செய்தியாகக்கூட வரவில்லை. இதற்கு மேலும் ஒன்று உண்டு, அதுதான் முக்கியம், ஆனால் பக்கம் முடிந்துவிட்டது.

2025 டிசம்பர் 16 அபுதாபியில் ஏலமும் நடந்து முடிந்தது. தம்பி மறுபடியும் கால் பண்ணச் சொல்வார். உங்களில் யாருக்காவது லைன் கிடைத்தால் சாப்பிட்டாச்சு என்று முதலிலேயே சொல்லிவிட்டு, நடராஜனைப் பற்றிக் கேளுங்கள். பஸ்ஸில் இருந்து மட்டும் பேச வேண்டாம்.